ஆம்ப் இருக்கிறது, அறை இருக்கிறது: எந்த ஸ்பீக்கர் வாங்குவது?

புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புகிறவர்கள், ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரைப் (ஆம்ப்) பற்றிய ஒரே கேள்வியோடுதான் பெரும்பாலும் வருவார்கள். "என் ஆம்ப் 50 வாட். ஸ்பீக்கரில் 100 வாட் என்று போட்டிருக்கிறது. சேருமா?" சேரும். அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆனால் தேடலை அங்கிருந்து ஆரம்பித்தால், கடைசியில் தப்பான பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வர நிறைய வாய்ப்பு உண்டு. தினமும் அந்த ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டப் போவது உங்கள் அறை. ஆம்ப் அதற்கு அப்புறம்தான்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றவன். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் உள்ள அறைக்கு மார்பளவு உயர டவர் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினேன். கடையின் பெரிய கூடத்தில் கேட்டபோது சொக்கிப் போயிருந்தேன். வீட்டில் மாட்டிய முதல் நாள் சாயங்காலமே விஷயம் தெரிந்துவிட்டது. பாஸ் கிதார் கீழே இறங்கும்போது குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் மட்டும் அறையே "கும்" என்று வீங்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். நாலைந்து ஸ்வரம் மேலே போனால் அந்தக் கனம் இருந்த இடமே தெரியாது. கீழ் ஸ்தாயிக்குக் கனம் கூட்டப் பெட்டியின் பின்பக்கம் வைத்திருக்கும் போர்ட் துளைகளில் பழைய காலுறையைச் சுருட்டி அடைத்துப் பார்த்தேன். கொஞ்சம் அடங்கியது. பழியை ஆம்ப் மேல் போட்டு, நண்பரிடம் வேறொன்று இரவல் வாங்கி மாட்டினேன். அதே "கும்", அதே ஸ்வரம். அப்புறம்தான் அளவு டேப்பை எடுத்து அறையை அளந்தேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது.

முதல் படி: டேப்பை எடுங்கள்

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இந்த 343-ஐ அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், எந்த அதிர்வெண்ணில் அந்த அறை தானும் சேர்ந்து பாட ஆரம்பிக்கும் என்று தெரிந்துவிடும். 5 மீட்டர் அறைக்கு 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டருக்கு 43, 3 மீட்டருக்கு 57. பாஸ் கிதாரின் கனத்த கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், முதல் கட்டில் விரலை வைத்தால் 44. என் வீட்டில் வீங்கிய ஸ்வரம் எது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். எந்த ஆம்பை மாற்றினாலும் அது மாறாது, ஏனென்றால் சுவர் நகரவில்லை.

ஆகவே சின்ன அறைக்கு 35 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக இறங்கும் டவரை வாங்குவது பல நேரம் தொல்லையை விலைக்கு வாங்குவதுதான். 12, 13 சதுர மீட்டருக்குள் உள்ள அறைக்கு, 5 அல்லது 6 அங்குல வூஃபர் (கீழ் ஸ்தாயியைப் பாடும் பெரிய கூம்பு) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் வைத்துக் கேட்பது போதும் என்பது என் அபிப்பிராயம். பேரைப் பார்த்து அதைப் புத்தக அலமாரிக்குள் திணித்துவிடாதீர்கள். 20 சதுர மீட்டருக்கு மேல் போனால் டவரைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்து, ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட முடியும் என்று பாருங்கள். நேர்மையாகப் பாருங்கள். "ஒரு மீட்டர் முன்னால் இழுத்து வைத்துக்கொள்வேன்" என்று கடையில் சொல்லிவிட்டு, வீட்டில் கதவு இடிக்கிறது என்று சுவரோடு ஒட்டி வைப்பவர்கள்தான் அதிகம். சுவரை ஒட்டினால் பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, பல டெசிபல் (சத்தத்தின் அளவு) கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். அந்த நிலைமைதான் உங்களுக்கு என்றால், போர்ட் இல்லாத மூடிய பெட்டி, அல்லது போர்ட் முன்பக்கம் இருக்கும் பெட்டி நல்லது. மூடிய பெட்டியின் பாஸ் கீழே போகப் போக மெதுவாகக் குறையும், ஓர் ஆக்டேவ் (அதிர்வெண் பாதியாகும் ஒரு ஸ்தாயி) இறங்கினால் 12 டெசிபல் கணக்கு. போர்ட் வைத்த பெட்டி அதைவிடக் கீழே வரை தாக்குப்பிடித்து, பிறகு 24 டெசிபல் கணக்கில் சட்டென்று விழும். சுவர் கொடுக்கும் உபரி பாஸும் மூடிய பெட்டியின் மெதுவான சரிவும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும்.

பெயர்பெற்ற பழைய ஸ்பீக்கர்களின் கதையைப் பார்த்தாலும் இடத்தைப் பார்த்துச் செய்தவைதான் நின்றிருக்கின்றன. 1946-இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலையில் வைப்பதற்கென்றே வடிவமைத்தது. மூலைச் சுவர்களே அதன் பாஸ் ஹார்னின் (விரிந்துகொண்டே போகும் ஒலிக் குழாயின்) கடைசிப் பகுதி. 1970-களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ இதற்கு நேர் எதிர். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள், நெருக்கி உட்கார்ந்து பேச்சைக் கவனிக்கச் செய்த சின்னப் பெட்டி. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் இரண்டுமே பரிதாபமாக இருக்கும்.

இரண்டாவது படி: எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம்

உட்காரும் இடத்திலிருந்து ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடம் வரை டேப்பைப் பிடியுங்கள். அந்த எண்ணும், ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியும் சேர்ந்தால்தான் உங்கள் ஆம்ப் போதுமா என்று சொல்ல முடியும். சென்சிடிவிட்டி என்பது, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்ற அளவு. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 84-லிருந்து 90-க்குள் இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்பீக்கர் 87 டெசிபல், நீங்கள் 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள். திறந்தவெளி என்றால் 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் சுமாராக 6 குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்டுங்கள். 84 டெசிபல். அதாவது வெறும் 1 வாட்டில் உங்கள் காதுக்கு 84 டெசிபல் வந்து சேர்கிறது. வீட்டில் சும்மா பாட்டுக் கேட்பது இதைவிடக் குறைந்த சத்தத்தில்தான். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஒரு வாட் போதுமென்றால் மிச்ச 49 வாட் எதற்கு? டிரம் அடி விழும் அந்தக் கணத்துக்கு. நல்ல பதிவுகளில் உச்சம் சராசரியைவிட 15 டெசிபல்கூட மேலே போகும். 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு வாட் வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 15 டெசிபலுக்கு 32 வாட். உங்கள் 50 வாட் ஆம்ப் இதைச் சிரமமில்லாமல் செய்யும். இதே கணக்கில் ஸ்பீக்கர் மட்டும் 82 டெசிபல் என்று மாறினால் 100 வாட் வேண்டும். 92 என்றால் 10 வாட் போதும், வெற்றிடக் குழாயில் ஓடும் ஒரு சின்ன வால்வ் ஆம்பே ஓட்டிவிடும். 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். சென்சிடிவிட்டி 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் அதே பலன் சும்மாவே கிடைக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல தயாரிப்பாளர்கள் சென்சிடிவிட்டியை 1 வாட்டுக்குச் சொல்லாமல் 2.83 வோல்ட்டுக்குச் சொல்வார்கள். 8 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ அது 2 வாட். எனவே "4 ஓம், 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல்" என்று எழுதியிருந்தால், வாட் கணக்கில் அது 87-தான். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒப்பிடும்போது ஏமாந்துபோவோம்.

மூன்றாவது படி: ஆம்பின் முதுகைப் படியுங்கள்

ஸ்பீக்கர் கம்பி மாட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே "4–16 ஓம்" என்றோ "6–16 ஓம்" என்றோ அச்சடித்திருக்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆம்பில் ஏ, பி என்று இரண்டு ஜோடி இணைப்பு இருந்தால், இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், அநேகமாக 8. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் மாட்டினால் ஆம்புக்குத் தெரிவது 4 ஓம் என்பதால் இந்த எச்சரிக்கை.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 8 ஓம் என்பது ஒரு பெயரளவுக் கணக்கு. உண்மையில் அதன் இம்பிடன்ஸ், அதாவது மின்சாரத்தைத் தடுக்கும் அளவு, ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும், ஓரிடத்தில் 30-க்கு ஏறும், இன்னோரிடத்தில் 5-க்கு இறங்கும். மிகக் குறைந்த மதிப்பு, எழுதிய எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேசத் தரவிதி. 8 ஓம் என்றால் 6.4. எல்லோரும் இதை மதிப்பதில்லை. ஆகையால் "குறைந்தபட்ச இம்பிடன்ஸ்" என்று தனியாக ஓர் எண் இருக்கிறதா என்று விவரத்தாளில் தேடுங்கள். அது 3 ஓமுக்குப் பக்கத்தில் இருந்தால், பல சேனல் ரிசீவர் (ஹோம் தியேட்டருக்கான ஆம்ப்) வைத்திருப்பவர்கள் அந்த ஸ்பீக்கரை விட்டுவிடுவது நல்லது. ரிசீவர் சூடாகும், சத்தம் கூட்டினால் பாதுகாப்புச் சுற்று வேலைசெய்து அணைந்துவிடும். கனமான பவர் சப்ளை உள்ள ஸ்டீரியோ ஆம்ப் என்றால் பெரிய கவலை இல்லை.

வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இம்பிடன்ஸ் அதிகம் ஏறி இறங்காத ஸ்பீக்கரைப் பாருங்கள். உங்கள் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் மேடு பள்ளமெல்லாம் ஒலியிலும் ஓரளவு வந்துவிடும்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். ஸ்பீக்கரில் எழுதிய 100 வாட், அது தாங்கும் எல்லை. அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. ஸ்பீக்கரைப் பலியாக்குவது பெரிய ஆம்ப் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். சின்ன ஆம்பை அதன் சக்திக்கு மேல் முறுக்கும்போது ஒலியலையின் தலை வெட்டுப்படுகிறது. பாஸ் அதற்கு மேல் ஏற முடியாமல் நிற்க, மேல் ஸ்தாயி மட்டும் ஏறிக்கொண்டே போய், ட்வீட்டர் (மேல் ஸ்தாயியைப் பாடும் சின்ன ஸ்பீக்கர்) தாங்குவதற்கு மேல் வாங்கிக் கருகிவிடும். கரகரப்புக் கேட்டால் உடனே குறைத்துவிடுங்கள். ரிசீவர் விளம்பரங்களில் வரும் வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஒரு சேனலை, 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதத் திரிபோடு ஓட்டி எடுத்த எண்ணாக இருக்கலாம். இரண்டு சேனலும் சேர்ந்து, 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில் எவ்வளவு என்று எழுதியிருப்பதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நான்காவது படி: விவரத்தாளில் எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது

"35–20,000 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. கூடவே "±3 டெசிபல்" என்று இருக்க வேண்டும். சிலர் 10 டெசிபல் குறைந்துபோன இடத்தைக்கூடக் கீழ் எல்லை என்று சொல்லிவிடுவார்கள். ட்வீட்டர் பட்டுத்துணியா அலுமினியமா, கூம்பு காகிதமா கெவ்லாரா என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் நல்லதும் இருக்கிறது, மோசமும் இருக்கிறது.

அளவீட்டுப் படம் கிடைத்தால் இரண்டு கோடுகளைப் பாருங்கள். நேர் எதிரில் வைத்து அளந்த கோடு சமமாக இருக்கிறதா? பக்கவாட்டில் நகர நகர வரும் கோடுகள் மேல் ஸ்தாயியில் மெதுவாக, திடீர்ப் பள்ளம் இல்லாமல் சரிகின்றனவா? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் நடத்திய கேட்புச் சோதனைகளில், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்டவர்கள் திரும்பத் திரும்ப இப்படிப்பட்ட ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள். கேட்கிறவர்கள் பெட்டியைக் கண்ணால் பார்த்தால் மதிப்பெண் மாறிவிடும் என்பதையும் டூலும் ஷான் ஆலிவும் பின்னால் காட்டினார்கள். பளபளப்பும் அளவும் விலைச் சீட்டும் காதுக்குள்ளும் நுழைந்துவிடும் என்று அர்த்தம்.

"கூர்மையான ஸ்பீக்கருக்கு மென்மையான ஆம்ப்" என்று ஜோடி சேர்க்கும் ஆலோசனை நிறையக் கேட்பீர்கள். நான் அதை நம்புவதை விட்டுவிட்டேன். அதன் எல்லைக்குள் ஓடும் ஒழுங்கான இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, ஸ்பீக்கரை அரை மீட்டர் நகர்த்தினால் வரும் வித்தியாசம் பெரிது.

ஐந்தாவது படி: காதால் கேட்பது

உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டு போதும். கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். அது அந்த ஸ்பீக்கரில் நன்றாக இருக்கும் என்று தெரிந்துதான் போடுவார். ஒன்று, பக்கவாத்தியம் அதிகமில்லாத குரல். "ச", "ஷ" வரும் இடங்களில் காது கூசுகிறதா, பாடகர் நெஞ்சிலிருந்து பாடுகிறாரா, வாளிக்குள்ளிருந்து பாடுகிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது, தாள வாத்தியம். மிருதங்கம் என்றால் தொப்பிப் பக்கத்தின் குமுகுமுப்பு ஒவ்வொரு அடியிலும் ஆரம்பமும் முடிவும் தெரியக் கேட்க வேண்டும். எல்லா அடியும் ஒரே "தொம்" ஆகிவிட்டால் அந்த ஸ்பீக்கரோ அந்த அறையோ சரியில்லை. மூன்றாவது, நிறைய வாத்தியங்கள் ஒன்றாகச் சேரும் பகுதி. அங்கே ஒரு வாத்தியத்தை மட்டும் காதால் பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன்செய்வதை மறக்கவே கூடாது. ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஓடும் ஸ்பீக்கர், "சத்தம் அதிகம்" என்று தோன்றாது, "நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். குறைந்த சத்தத்தில் நம் காது பாஸைச் சரியாகப் பிடிக்காது என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிமானிச் செயலி இந்த வேலைக்குப் போதும். ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும் வரை வால்யூமைத் திருப்புங்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் அசத்தும் ஸ்பீக்கர் அரை மணி நேரத்தில் தலைவலி தரலாம். ஆகவே அவசரப்படாமல் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டில் வைத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வசதி இருந்தால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது அங்கேயே வாங்குவேன்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால் முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோம் என்றால் 15, 20 வருடங்களில் பொடிந்து உதிரும், ரப்பர் நீடிக்கும். நான்கு விரலையும் பரப்பி வைத்து வூஃபரை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஆறாவது படி: மாட்டுவது

ஆம்பை அணைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். சிவப்பிலிருந்து சிவப்புக்கு, கறுப்பிலிருந்து கறுப்புக்கு. பிரிந்து நிற்கும் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் ஆம்ப் போய்விடும், நன்றாக முறுக்கிவிடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.07 ஓம்தான் தடுக்கும். 8 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. இதற்கு மேல் கம்பிக்குச் செலவழிக்காதீர்கள்.

இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக இருங்கள், ட்வீட்டர் காது உயரத்தில். குரல் சரியாக நடுவிலிருந்து வர வேண்டும். பாஸ் செத்துப்போய், குரல் எங்கேயும் நிற்காமல் மிதந்தால், ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. உட்காரும் இருக்கையைச் சுவரோடு ஒட்டினால் பாஸ் வீங்கும், அறையின் நட்டநடுவில் போட்டால் மெலிந்துபோகும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் ஆரம்பித்து, 20 சென்டிமீட்டராக நகர்த்திப் பாருங்கள். இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும், போகட்டும்.

ஆழ்ந்த பாஸுக்கென்றே தனியாக வரும் சப்வூஃபரை இப்போதே வாங்காதீர்கள். இரண்டு மாதம் கழித்தும் பாஸ் குறைவாகத் தோன்றினால் வாங்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் விட்டுவிடலாம். அதற்கு இடம் பார்ப்பது வேடிக்கையான வேலை. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இருக்கையில் வைத்து, பாஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாக முழங்காலிட்டுத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் பாஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை வைத்துவிடுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

பழைய ஸ்பீக்கரை உடனே விற்றுவிட வேண்டாம். இரண்டு வாரம் புதியதைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் பழையதை எடுத்து மாட்டிப் பாருங்கள். புது ஜோடி தருவது என்ன, தராதது என்ன என்பது கடையில் கேட்டதைவிட அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரியும். என் டவர் ஜோடி இப்போது அண்ணன் வீட்டுப் பெரிய கூடத்தில் இருக்கிறது. போர்ட்டில் அடைத்த காலுறையை நான் எடுக்க மறந்துவிட்டேன். அண்ணன் அதை எடுத்த பிறகு அங்கே அது பிரமாதமாகப் பாடுகிறது.